ரோடு காலி

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது விண்ணரசிக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் இடம் கொடுத்தாள். போன வாரம் புங்கந்தோப்பு ரோட்டில் நெல் காய்வதைப் பார்த்து, "தீயணைப்பு வண்டி எப்படிங்க போகும்? அள்ளுங்க முதல்ல" என்று சத்தம் போடத்தான் ஜீப்பை விட்டு இறங்கினாள். அம்சம் என்ற பெண் ஒரு கை நெல்லை அள்ளி அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இருபத்தொண்ணு ஈரம் காட்டுதுங்க மேடம். பதினேழுக்கு மேல இருந்தா கொள்முதல் நிலையத்துல திருப்பி அனுப்புறாங்க. களத்துல மழைத்தண்ணி நிக்குது. எங்க கொண்டுபோய்க் காயப்போடட்டும், உங்க ஸ்டேஷன் மாடியிலயா?"

விண்ணரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீயணைப்பு நிலைய அலுவலர் சிரித்துவிட்டால் அப்புறம் அதட்ட முடியாது. "ஒரு பக்கம் மட்டும் போடுங்க அக்கா. இன்னொரு பக்கம் வண்டிக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். தாசில்தாருக்கு எழுத வேண்டிய புகார்க் கடிதத்தையும் எழுதவில்லை.

இன்று வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டரை. நிலையத்தின் இரண்டு வண்டிகளில் ஒன்று, அமைச்சர் வந்து இறங்கப்போகும் ஹெலிகாப்டருக்குக் காவல் நிற்க ஆறு வீரர்களோடு போயிருந்தது. ஹெலிகாப்டர் இன்னும் கிளம்பவே இல்லையாம். மிச்சம் ஒரு வண்டி, டிரைவர் அடைக்கலசாமி, மூன்று வீரர்கள். முந்தின நாள் காலையில் போட்ட பூட்ஸை விண்ணரசி இன்னும் கழற்றவில்லை. அப்போதுதான் அவளுடைய செல்போன் அடித்தது. அறுவடை தொடங்கியதும் வைக்கோல் ஏற்றும் டிராக்டர்களிலெல்லாம் அவளே போய் ஒட்டிய ஸ்டிக்கரில் அந்த எண் இருந்தது.

"மேடம், யூனுஸ் பேசறேன், டிராக்டர் டிரைவர். புங்கந்தோப்புல கரண்டு கம்பி உரசி வைக்கோல் பத்திக்கிச்சு மேடம்!"

ஒரு நிமிடத்தில் வண்டி ரோட்டில் இருந்தது. போனை அவள் காதை விட்டு எடுக்கவில்லை.

"டிராக்டர் எங்க நிக்குது தம்பி?"

"நிக்கல, மெதுவா உருட்டிக்கிட்டிருக்கேன். தெருவுக்குள்ளதான். ரெண்டு பக்கமும் கூரை வீடு. குதிச்சு ஓடிரவா மேடம்?"

வண்டி புங்கந்தோப்பு ரோட்டில் திரும்பியது. திரும்பியதும் அடைக்கலசாமி பிரேக்கில் ஏறி நின்றார். முன்னால் இருநூறு மீட்டருக்கு ரோடே இல்லை, நெல்தான். இந்தப் பக்கமும் நெல், அந்தப் பக்கமும் நெல், ஓரத்தில் வரிசையாகச் செங்கல், செங்கலுக்குப் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்த ஜனம். அந்த நெல்லை விரித்ததில் பாதி தன் கைதான் என்று விண்ணரசிக்குத் தோன்றியது.

"நாலாயிரத்து ஐநூறு லிட்டர் தண்ணி மேடம்" என்றார் அடைக்கலசாமி. "நெல்லு மேல பிரேக் புடிச்சா நிக்காது, வழுக்கிட்டுப் போயி ஆளு மேல ஏறிரும். ஊர்ந்துதான் போகணும். அஞ்சு நிமிஷமாவது ஆகும்."

ஐந்து நிமிடத்தில் அந்தத் தெருவில் கூரை என்று ஒன்று இருக்காது. தண்ணீர் நெருப்பைத் தேடிப் போக வழியில்லை. நெருப்பைத் தண்ணீரிடம் கூப்பிட வேண்டும். ரோட்டின் இரு பக்கமும் அறுக்காத சம்பா, வைக்கோலைப்போலவே காய்ந்து நின்றது. அவர்களுடைய வண்டி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் அறுத்து முடித்த மொட்டை வயலும், அதற்குள் இறங்க ஒரு சரிவும் இருந்தன.

குதி என்று சொல்வதுதான் அவள் படித்த பாடம். ஊரான் வீட்டுப் பிள்ளையை நெருப்போடு ஓட்டி வா என்று சொல்ல எந்தச் சட்டமும் அவளுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"குதிக்காதீங்க தம்பி. ஓட்டுங்க. ஓடுற வரைக்கும் நெருப்பு பின்னாலதான் சாயும், நின்னாத்தான் உங்க மேல வரும். தெருவைத் தாண்டி நேரா எங்ககிட்ட வாங்க."

யூனுஸ் கேட்டான்.

"ரோட்டுல நெல்லு கெடக்குமே மேடம். வழுக்குச்சுன்னா நான் செத்தேன். ரோடு காலியா?"

விண்ணரசி கண்ணாடி வழியே நெல்லைப் பார்த்தாள்.

"காலி. வாங்க."

சொல்லி முடிக்குமுன்னே கீழே குதித்தாள். சொன்ன பொய்யை நிஜமாக்க அவளுக்கு இருந்தது மூன்று நிமிடம். "எல்லாரும் எந்திரிங்க! நெருப்போட டிராக்டர் வருது! நெல்லைத் தள்ளுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். ஜனம் எழுந்தது. ஆனால் எழுந்தவர்கள் சாக்கை விரித்து நெல்லை வாரத் தொடங்கினார்கள். நாலு மாதப் பாட்டை யார்தான் விட்டுவிட்டு ஓடுவார்கள்? சாக்கு நிறைவதற்குள் யூனுஸ் வந்துவிடுவான்.

அம்சம் நெல் தள்ளும் பலகையோடு நின்றுகொண்டிருந்தாள். ஊர்ப் பக்கம் எழும்பிய கரும்புகையைப் பார்த்தாள். விண்ணரசியைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பையன்கிட்ட ரோடு காலின்னு சொல்லிட்டேன்" என்றாள் விண்ணரசி. மூச்சு வாங்கியது.

அம்சம் பலகையைத் திருப்பிப் போட்டுத் தன் நெல்லை ரோட்டோர வாய்க்காலுக்குள் தள்ளினாள். சேற்றுத் தண்ணீரில் நெல் சரிந்து விழுந்தது. பக்கத்தில் நின்றவர் "அடிப்பாவி!" என்று அலறினார். அலறிவிட்டு அவரும் தள்ளினார். அப்புறம் எல்லாரும் தள்ளினார்கள். வீரர்களில் இருவர் மண்வெட்டியோடு பாய்ந்தார்கள், விண்ணரசி பூட்ஸ் காலாலேயே ஒதுக்கினாள். நடு ரோட்டில் தார் தெரிந்தது. முதலில் ஒரு சக்கரத்தின் அகலம், பிறகு இரண்டு.

"ஒதுங்குங்க!"

டிராக்டர் வந்தது. பின்னால் ஒரு வீடே எரிந்துகொண்டு வருவதுபோல் இருந்தது. ஸ்டீயரிங் மேல் யூனுஸ் குப்புறப் படுத்திருந்தான். உதிர்ந்து விழுந்த கங்குகளை ஈரச் சாக்கால் அடித்துக்கொண்டே ஜனம் பின்னால் ஓடியது. மிச்சமிருந்த நெல்லில் ஒரு சக்கரம் ஏறி, டிரெய்லர் ஒரு பக்கமாக இழுத்தது. விண்ணரசி மாதாவைக் கூப்பிட்டாள். சக்கரம் தாரைப் பிடிக்க, டிராக்டர் நிமிர்ந்து, சரிவில் இறங்கி, மொட்டை வயலுக்குள் போய் நின்றது. யூனுஸ் உருண்டு விழுந்தான். அதே நொடியில் அடைக்கலசாமி பம்ப்பை முடுக்க, தண்ணீர் பாய்ந்தது.

நெருப்பு அடங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தெருவில் இரண்டு கூரை ஓரம் கருகியதோடு சரி. யூனுஸ் வரப்பில் உட்கார்ந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, காதுமடல் கொப்புளித்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது.

"குதிக்கத்தான் இருந்தேன் மேடம்" என்றான். "நெல்லை நெனச்சுத்தான் பயம். நீங்க ரோடு காலின்னு சொன்னப்புறந்தான் கியரை மாத்தி வேகம் புடிச்சேன்."

விண்ணரசியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து பூட்ஸில் ஒட்டியிருந்த நெல்மணிகளைத் தட்டிவிட்டாள்.

வாய்க்காலுக்குள் முழங்கால் சேற்றில் நின்று, நெல்லை முறத்தால் அரித்துக்கொண்டிருந்த அம்சம் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"காலியாத்தான் இருந்துச்சு தம்பி. மேடம் பொய் சொல்லுவாங்களா?"