வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒரு பல்வலியில் கிடைத்தது. பல் டாக்டர் மூன்றாவது மாடியில் இருந்தார். லிஃப்ட் ஓடவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறியபோது இரண்டாவது மாடியில் மூடிய ஒரு கதவுக்கு முன்னால் இரண்டு ஜோடிச் செருப்புகளைப் பார்த்தேன். ஒன்று பெண்ணுடையது, குதிகால் பக்கம் தேய்ந்தது. இன்னொன்று ஆண் செருப்பு, பெரியது, கறுப்பு. அதன் வார் எங்கும் மடிந்திருக்கவில்லை, மேலே மெல்லிய தூசி. அடுத்த வாரம் போனபோது பெண் செருப்பு இடம் மாறியிருந்தது. ஆண் செருப்பு அதே இடத்தில், அதே தூசியோடு இருந்தது.

வாய் மரத்துப்போய்க் கீழே இறங்கும்போது எனக்குப் புரிந்துவிட்டது, அந்த வீட்டில் ஆண் யாரும் இல்லை. [இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.]

2

தொடக்கம் ஒன்று: “அவள் சாவியை விரல்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்தபடி இருட்டுச் சந்தில்...”

வேண்டாம். பயப்படு பயப்படு என்று வாசகரின் முதுகில் தட்டுகிற வாக்கியம் இது.

தொடக்கம் இரண்டு: “அன்று வானம் மிக அழகாக...”

பொய். அவள் வேலை பார்க்கும் அறையின் ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருக்கிறது. அவள் எங்கே வானத்தைப் பார்த்தாள்?

தொடக்கம் மூன்று, இதை வைத்துக்கொள்கிறேன்: அவள் பாட்டு வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள். அறையில் இரண்டு திரைகள், சக்கரம் ஒடிந்த ஒரு நாற்காலி, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ‘கத்தரி’. டைரக்டர் அவளைவிடச் சின்னவன், மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்து ‘கத்தரிக்கா’ ஆக்கிவிட்டான். பதிலுக்கு அவள் அவனுக்கு ‘பீட்டு’ என்று பெயர் வைத்தாள். பீட்டில் வெட்டுங்க, தாளம் விழற இடத்தில் வெட்டுங்க என்பதைத் தவிர அவன் வேறு யோசனை சொல்லி அவள் கேட்டதில்லை.

இந்தத் தொழிலுக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. காதல் தோல்வி என்றால் மழை பெய்யும், தலைமுடி மட்டும் கலையாது. ராப் என்றால் உடைந்த சுவரும் தரையோடு தரையாக ஒரு கேமராவும் வேண்டும், பாடுகிறவர் நம்மை விரலால் அதட்டுவார். மெலடி என்றால் திரைச்சீலை அசையும். துள்ளல் பாட்டு என்றால் வரியில் என்ன இருந்தாலும் கவலையில்லை, பின்னால் ஒரு கூட்டம் பளபளவென்று உடுத்திக்கொண்டு ஆடும். செருப்பு என்று வரியில் வந்தால் திரையில் செருப்பைக் காட்டிவிடுவார்கள். அந்தச் செருப்பைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்பதைத் தாளம் முடிவு செய்யும். வரியும் தாளமும் சண்டை போட்டால் தாளம்தான் ஜெயிக்கும். ‘உன்னைக் கொன்றுவிடுவேன்’ என்று ஒருவன் துள்ளலாகப் பாடட்டும், கல்யாண வீட்டில் அதற்குக் குழந்தைகள் ஆடுவார்கள்.

கத்தரிக்கு ஒரு வேலைமுறை. குரலை அணைத்துவிட்டுத் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் வெட்டிவிடுவாள். வார்த்தை காதில் விழுந்தால் கை தயங்கும் என்பாள். எல்லாம் முடிந்த பிறகுதான் குரலைத் திறப்பாள்.

3

இந்தப் பாட்டையும் அப்படித்தான் வெட்டினாள். மஞ்சள் கதவு போட்ட ஒரு செட். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. கதாநாயகன் ஆண் செருப்புக்குள் காலை நுழைத்துப் பார்த்து, அளவு சரியாக இருக்கவே, கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். கொடியில் ஒரு சட்டை. பிறகு நாற்காலியோடு எட்டுப் பேர் ஆடுகிறார்கள். பாட்டு வீடியோ என்றால் செருப்பும் சட்டையும் நாற்காலியும் எதற்காவது இருக்கத்தான் செய்யும். வெட்டும்போது அவள் காலால் தாளம் போட்டாள், கண்ணடித்த இடத்தில் சிரிக்கவும் சிரித்தாள்.

பிறகு குரலைத் திறந்தாள்.

*ரெண்டு ஜோடி செருப்பிருக்கு உன் வாசல்மேல*
*ஒத்த ஜோடிதான் நடக்குதடி வீதிமேல*
*கொடியில் ஆடும் சட்டைக்குள்ள ஆளே இல்ல*
*காத்துக்கா நீ சட்டை வாங்கின, சொல்லு மெல்ல*
*நாற்காலிய முட்டுக் கொடுத்து உறங்கும் கண்ணே*
*நான் தட்டினா நகர்ந்திடுமே நாலு காலும் முன்னே*

அவள் பாட்டை நிறுத்தினாள்.

அவள் வீட்டு வாசலிலும் இரண்டு ஜோடிச் செருப்பு. பெரிய ஜோடியை அவளே வாங்கினாள், யாரும் போட்டதில்லை. சட்டையும் அவள் வாங்கியதுதான், அவ்வப்போது நனைத்துக் காயப்போடுவாள். தூங்கப் போகும்போது நாற்காலியைக் கதவின் கைப்பிடிக்குக் கீழே முட்டுக் கொடுப்பாள். செருப்பைப் படியேறுகிற யாரும் பார்க்கலாம். சட்டையைத் தெருவில் போகிற யாரும் பார்க்கலாம். நாற்காலி வீட்டுக்கு உள்ளே இருக்கிறது.*

* நாற்காலி எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். எனக்கு எப்படித் தெரிந்தது என்று வேண்டுமானால் சொல்கிறேன். வாசலில் பொய்ச் செருப்பு வைக்கிறவள் கதவுக்கு என்ன வைப்பாள் என்று யோசித்தேன். தேநீர் ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னவோ போல இருக்கிறது.

4

அவளுக்கு ஒரு கணவனைக் கொடுக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். கொடுத்தால் பயத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிடும், வாசகருக்கும் வசதி. ஆனால் அந்த மாதிரிக் கணவன் ஏற்கெனவே நிறையக் கதைகளில் கதவை உதைத்துக்கொண்டு நிற்கிறான். குடித்துவிட்டு அவன்...

இல்லை. இவன் குடிப்பதில்லை. கத்துவதும் இல்லை. இவன் பாடுவான். அவளைத் திட்டுவதையெல்லாம் மெட்டுப் போட்டுத்தான் திட்டுவான். சாம்பலாக்கிவிடுவேன் என்பதைக்கூடத் தாலாட்டு மாதிரி, விரலால் மேசையில் தட்டிக்கொண்டு பாடுவான். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். இப்படி ஒரு ஜாலியான மனுஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒருநாள் அவள் வாயைத் திறந்தபோது, “அவரா? ஐயோ, எவ்வளவு நல்லாப் பாடுவாரு” என்றுதான் பதில் வந்தது. அதற்கப்புறம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கைப்பையோடு கிளம்பி வந்துவிட்டாள். புது விலாசம் அவளுடைய அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அவள் அக்காவுக்கு போன் போட்டாள்.

“அக்கா, என் அட்ரஸ யாருக்காவது குடுத்தியா?”

“என்னடி இப்படிக் கேக்குற? நான் யார்கிட்டயும் வாயத் திறக்கல.”

“அவர் அங்க வந்தாரா?”

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“வந்தாரு. உன்கிட்ட சொன்னா பயப்படுவேன்னுதான் சொல்லல. சண்டை எல்லாம் போடலடி. பாடிக்கிட்டே வந்தாரு, பசங்க எல்லாம் ஒரே சிரிப்பு. நான் தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள கிளம்பிட்டாரு.”

“உன் போன் எங்க இருந்துச்சு?”

“மேசை மேலதான்... ஏன்டி?”

5

“இந்தப் பாட்டு யாரு எழுதினது?” என்று பீட்டுவைக் கேட்டாள்.

“யாரோ புது ஆளுக்கா. கம்பெனிக்கு மெயில்ல வந்துச்சு, ஏதோ புனைபெயர். ஏன், நல்லா இல்லையா?”

“அந்த நாற்காலி வரி...”

“அதுதானக்கா ஹைலைட்டே. வீட்ல ஆள் இருக்கிற மாதிரி அவ சும்மா சீன் போடுறா, இவன் கண்டுபிடிச்சிடுறான். க்யூட்டா இருக்கு.”

“அவ நிஜமாவே பயப்படுறான்னா?”

“துள்ளல் பாட்டுல யாருக்கா நிஜமா பயப்படுவாங்க?”

இது என் வீடு என்று அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்தச் செருப்பு பொய் என்று தெரிந்தவர்களின் எண்ணிக்கை இன்னும் ஒன்று கூடும். [என் கதையிலும் அதுதான் நடக்கிறது. இந்தப் பக்கத்துக்கு வந்தபோது நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டீர்கள். சட்டையின் நிறத்தை எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன்.]

அவள் வாயால் சொல்லாமல் வெட்டிக் காட்டினாள். தாளத்தை அணைத்தாள். குரலை மட்டும் தனியாக விட்டாள். ஆடுகிற எட்டுப் பேரையும் தூக்கினாள். படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்னால் விளக்கு சரிபார்க்க எடுத்த ஒரு துண்டு கிடைத்தது, அதில் ஆளில்லாத மஞ்சள் கதவு, இரண்டு ஜோடிச் செருப்பு, வேறொன்றும் இல்லை. அதை வைத்து, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் நிறுத்தினாள். குரல் பாடிக்கொண்டே இருந்தது, கதவு மூடியே இருந்தது. பிறகு காலியறையில் ஒரு நாற்காலி. அதையும் வெட்டவில்லை.

பீட்டு வந்து காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பாதியில் கால் நின்றது. முடிந்ததும் தனக்குப் பின்னால் இருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

“இது வேணாங்கா.”

“வரி அதேதான். ஒரு சொல்கூட மாத்தல.”

“வரி அதேதான். அதான் வேணாங்கறேன்.” அவன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். “இதை யாரும் ரெண்டாவது தடவ பாக்க மாட்டாங்க. டீசர் வேற காலையிலேயே போட்டாச்சு. நீங்க முதல்ல வெட்டினதுல இருந்துதான் எடுத்தோம். பயங்கரமா ஓடுது.”

அவன் அதைச் சந்தோஷமாகச் சொன்னான். அந்தக் கண்ணடிப்பை அவ்வளவு கச்சிதமாகத் தாளத்தில் உட்கார வைத்தது அவள் கைதான்.

6

முடிவு அ: பாட்டை எழுதியவர் எங்கேயோ இருக்கும் ஒரு சாது. அவளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. என்னை மாதிரி ஏதோ ஒரு படியில் ஏறும்போது எதையோ பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். எல்லாம் தற்செயல். இது போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். பொறாமைப்படுகிறேன்.

முடிவு ஆ: அவள் பீட்டுவிடம் பேசி வீடியோவை மாற்றுகிறாள். இரண்டு ஜோடிக்குப் பதில் மண்டப வாசலில் குவிந்த ஆயிரம் ஜோடி. ஒரு நாற்காலிக்குப் பதில் மைதானம் நிறைய நாற்காலி. அவள் வீடு கூட்டத்தில் காணாமல் போகிறது. எனக்கு இது பிடித்திருந்தது, முக்கால்வாசி எழுதியும்விட்டேன். அப்புறம் உறைத்தது. வரி அப்படியேதான் இருக்கிறது. இனிமேல் எந்த ஊரில் எந்த மாடியில் தூசி படிந்த ஆண் செருப்பைப் பார்த்தாலும், பார்க்கிறவன் வாய் தானாக இரண்டாவது வரியை முணுமுணுக்கும். அவளை மாதிரி வாசலில் செருப்பு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அன்றோடு அந்தச் செருப்பு உதவாது. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

இதற்கிடையில் நான் மூன்றாவது முறையாகப் பல் டாக்டரிடம் போனேன். இரண்டாவது மாடியில் அந்தக் கதவு மூடியிருந்தது. பெண் செருப்பு இல்லை. ஆண் செருப்பும் இல்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத இரண்டு பாத வடிவங்கள் மட்டும் சுத்தமாகத் தெரிந்தன. அவள் எடுத்து உள்ளே வைத்தாளா, யாராவது போட்டுக்கொண்டு போனார்களா? கதவைத் தட்டிக் கேட்கலாம் என்று கையைத் தூக்கினேன். அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று தோன்றியதும் கையை இறக்கிக்கொண்டேன். பயமாக இருந்தது. இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை முடிக்கத் தெரியவில்லை.

7

மாலை, நல்ல வெளிச்சம். கத்தரி படியேறி வருகிறாள். எந்த வீட்டிலிருந்தோ அந்தப் பாட்டு கேட்கிறது, யாரோ கூடவே கைதட்டுகிறார்கள். ஊருக்கே தெரிந்துபோன பொய்யை இனி வாசலில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். பூட்டைப் பார்க்கிறாள், பூட்டியபடியே இருக்கிறது. குனிந்து ஆண் செருப்பை எடுக்கிறாள்.

அடியில் ஈர மண். கடைக்காரர் ஒட்டிய சீட்டு அடிப்பாகத்தில் தேய்ந்து, பாதி கிழிந்திருக்கிறது. உள்பக்கம் ஐந்து விரல்களின் பள்ளம் பதிந்திருக்கிறது.

[இந்த மண்ணை வைத்தது நான்தான். அழித்தும் பார்த்தேன். அழித்தால் வெறும் செருப்பு மிஞ்சுகிறது. அவள் பயம் அப்படியேதான் இருக்கிறது.]

அவள் சாவியைப் பூட்டில் வைக்கவில்லை. உள்ளே நாற்காலி இருக்கிறது, அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? கீழே படியில் காலடிச் சத்தம், மெதுவாக ஏறி வருகிறது. அது அவனாக இருக்கலாம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போகிற நானாகவும் இருக்கலாம். அவளுக்கு அந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. மேலே ஓடுவதா, கீழே இறங்குவதா, கதவைத் திறப்பதா?

பீட்டுவாக இருந்தால் இந்த இடத்தில் பீட்டில் வெட்டி, எட்டுப் பேரை ஆடவிட்டிருப்பான். நான் வெட்டப் போவதில்லை, அவளிடம் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அவள் கையில் செருப்போடு நிற்கிறாள், கதவு மூடியிருக்கிறது, காலடி கடைசிப் படிக்கு முந்தின படியில் இருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது அடுத்த படியில் ஏற முடியாது. இதுவரை அவள் வாசலைப் பார்த்தவர்கள் எல்லோரும் எதையாவது கண்டுபிடிக்கத்தான் பார்த்தோம். நீங்கள் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அவள் யோசித்து முடிக்கும்வரை இந்த வரியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருங்கள்.