டாக்டரின் நான்கு நிமிடம்

லிஃப்ட்காரருக்கு உலகத்தில் ஆகாத ஜென்மங்கள் ஒரே ஒரு வகைதான். ஆன்லைன் சதுரங்கத்தில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் கம்பி நீட்டுகிறவர்கள். ராணி வெட்டுப்பட்டதும் ஆளே காணாமல் போவான் ஒருவன். இன்னொருவன் போகவும் மாட்டான், காயை நகர்த்தவும் மாட்டான். கடிகாரத்தில் மிச்சமிருக்கிற பத்து நிமிடத்தையும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்தே கரைப்பான். மூன்றாவது ரகம்தான் பொல்லாதது. நாம் சலித்துப்போய் எழுந்து போகும் நேரம் பார்த்து, கடைசி ஐந்து நொடியில் ஒரு காயை நகர்த்திவிட்டு, நம் கடிகாரத்தை ஓடவிடுவான்.

இவர்களைச் சமாளிப்பதில் லிஃப்ட்காரர் கரைகண்டவர். எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட்டின் மோட்டார் இருக்கிற அறைதான் அவர் ராஜ்ஜியம். போனைக் கன்ட்ரோல் பெட்டியின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கண் திரையில் ஒரு கண் கயிற்றில் என்று வேலையைப் பார்ப்பார். எதிராளி பத்து நிமிடம் உட்கார்ந்தால் இவரும் உட்காருவார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போடும் கூச்சலைப் பதினான்கு வருடமாகக் கேட்டுப் பழகிய மனிதரிடமா பொறுமையைச் சோதிப்பது? வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன்தான். "எவனோ ஓடிப்போனவனுக்கு இப்படிக் காத்துக்கிட்டு இருக்கீங்களே, எனக்காக ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல பத்து நிமிஷம் நின்னிருக்கீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

கட்டட மேனேஜர் ஒரு போட்டி வைத்தார். எட்டு மாடியிலும் இருக்கிற அலுவலகக்காரர்கள் அவரவர் இடத்திலிருந்தே போனில் ஆட வேண்டும், ஜெயித்தவர் பெயரும் படமும் ஒரு வருடம் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் இருக்கும் என்றார். லிஃப்ட்காரருக்கு அந்தப் பலகையின்மேல் ஒரு கண். அந்தக் கட்டடத்தில் அவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. லிஃப்ட் நின்றால் 'லிஃப்ட்காரரைக் கூப்பிடு' என்பார்கள். ஓடினால் அப்படி ஒருவர் இருப்பதே மறந்துவிடும். ஒரு வருடம், தினமும், லிஃப்டுக்குக் காத்து நிற்கிற அத்தனை பேரும் தன் பெயரைப் படிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அதில் தப்பென்ன இருக்கிறது?

அரையிறுதியில் நான்காம் மாடி வக்கீல் தன் குணத்தைக் காட்டினார். ராஜா மாட்டிக்கொண்டதும் பதினொரு நிமிடம் பேச்சுமூச்சில்லை. கேட்டால் கட்சிக்காரர் வந்துவிட்டாராம். லிஃப்ட்காரர் நேரே மேனேஜரிடம் போய் நின்றார். ஆள் எங்கே போனார், ஏன் போனார் என்கிற கதையெல்லாம் வேண்டாம், கடிகாரம் முடிந்தால் தோல்வி, எந்தச் சாக்கும் செல்லாது என்று இறுதி ஆட்டத்துக்கு விதி எழுத வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

இறுதி ஆட்டம் மதியம் ஒரு மணிக்கு. எதிரில் ஆறாம் மாடிப் பல் டாக்டர். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். அந்த அம்மா ஆட்டத்திலும் பல்லைப் பிடுங்குகிற கைதான். பதட்டமே இல்லாமல், வலிக்காத மாதிரி, ஒவ்வொரு காயாகக் கழற்றினார். லிஃப்ட்காரர் தலையைச் சொறிந்து யோசித்து ஒரு காயை நகர்த்தினார். கையை எடுத்த பிறகுதான் தெரிந்தது, டாக்டரின் ராணி ஒரு கட்டம் முன்னால் வந்தால் கதை முடிந்தது. இவருக்கு மூன்று நிமிடம் பாக்கி. டாக்டருக்கு எட்டு.

டாக்டர் ஆடவில்லை. ஒரு நிமிடம் ஓடியது. ஜெயிக்கிற ஆட்டத்தில் இந்த அம்மா ஏன் கம்பி நீட்டுகிறார் என்று அவர் முழித்துக்கொண்டிருந்தபோது, லிஃப்ட்டுக்குள்ளிருந்து பேசும் போன் அடித்தது. எடுத்தார்.

"நான் டாக்டர் பேசறேன். அஞ்சாவது மாடிக்குக் கீழ லிஃப்ட் நின்னுடுச்சு. நீங்க யோசிக்கிற நேரத்துல கீழ போய் ஒரு பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம்னு ஏறினேன். இங்க சிக்னல் இல்ல. என் கடிகாரம் ஓடுதா?"

"ஓடுது டாக்டர்," என்றார் லிஃப்ட்காரர்.

இது மூன்று நிமிட வேலை. மெயின் சுவிட்சை அணைத்து, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கைச்சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை நான்காம் மாடிக்கு இறக்கினால், வாட்ச்மேன் சாவி போட்டுக் கதவைத் திறந்துவிடுவார். அதற்கு முன்னால் எல்லா மாடிக் கதவும் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கன்ட்ரோல் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். விளக்கு எரிந்தது. ஆனால் கம்பெனி கொடுத்த புத்தகத்தில், ஒவ்வொரு மாடிக்கும் நடந்து போய்க் கதவைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. பதினான்கு வருடத்தில் அவர் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை.

அன்றைக்குச் செய்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். எட்டாம் மாடிக் கதவை இழுத்தார், ஏழை இழுத்தார், ஆறை இழுத்தார். ஓடவில்லை, நடந்தார். யார் கேட்டாலும் புத்தகத்தைக் காட்டலாம். பாதுகாப்பு விஷயத்தில் லிஃப்ட்காரர் எவ்வளவு கறார் என்று மேனேஜரே மெச்சிக்கொள்வார். தரைத்தளம் வரை போய், வாட்ச்மேனை நான்காம் மாடிக்குப் போகச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி ஏறி வந்தார். நான்கு நிமிடம் போயிருந்தது.

ஐந்தாம் மாடிக் கதவருகே வந்தபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"லிஃப்ட்காரரே, நீங்கதானே? காலடிச் சத்தம் கேக்குது. நிதானமா பண்ணுங்க. எனக்காக அவசரப்பட்டுக் கையைக் கிய்யை நசுக்கிக்காதீங்க. ஆட்டம் போனா போகட்டும்."

அவருக்குச் சுருக்கென்றது. வக்கீலாவது சொந்த நாற்காலியில் உட்கார்ந்து நேரத்தைக் கரைத்தார். நாம் ஒரு மனுஷியைப் பெட்டிக்குள் அடைத்துவைத்துக் கரைக்கிறோமே என்று தோன்றியதும் வெட்கமாகப் போயிற்று. மீதிப் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினார். பிரேக்கை விட்டுச் சக்கரத்தைச் சுற்றிய சுற்றில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கயிற்றில் நான்காம் மாடிக்கான மஞ்சள் பெயின்ட் அடையாளம் வந்ததும் நிறுத்திவிட்டு, வாட்ச்மேனைப் போனில் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார்.

திரையைப் பார்த்தார். டாக்டரின் கடிகாரத்தில் முப்பது நொடி. இருபத்தைந்து. ஆடுங்கம்மா, ஆடுங்கம்மா என்று தனக்கு எதிராகத் தானே வேண்டிக்கொண்டார். பத்தொன்பதில் டாக்டரின் ராணி நகர்ந்தது.

ஒரு கட்டம் தள்ளி. அவசரத்தில் விரல் வழுக்கியிருக்கிறது. ராணி நேராக லிஃப்ட்காரரின் குதிரை பாய்கிற கட்டத்தில் போய் நின்றது. வெட்டினால் இனி சின்னப் பிள்ளைகூட ஜெயிக்கும்.

அவர் விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அறிவிப்புப் பலகை கண்முன் வந்தது. தன் படம், கீழே தன் பெயர். விரலை மடக்கிக்கொண்டார். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, மெயினைப் போட்டு, லிஃப்டை இரண்டு தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. போனை நிமிர்த்தியபோது அவர் கடிகாரத்தில் பூஜ்யம். நேரம் முடிந்ததால் அவர் தோற்றார், டாக்டர் வெற்றி என்று எழுதியிருந்தது. வயிறு எரியத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க டாக்டர் அந்த அறைக்கு ஏறி வந்தார். முகத்தில் கோபம்.

"தோக்கற ஆட்டத்துல ஓடறவங்களைப் பாத்திருக்கேன். ஜெயிக்கிற ஆட்டத்துல ஓடற ஆளை இப்பதான் பாக்கறேன். பெட்டியில மாட்டினவளாச்சேன்னு பாவம் பாத்தீங்களா? எனக்கு அது வேண்டாம்."

லிஃப்ட்காரர் கையைத் துணியில் துடைத்தார். புத்தகத்தைக் காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தார்.

"பாவமெல்லாம் இல்ல டாக்டர். உங்களை நான் மூணு நிமிஷத்துல வெளிய எடுத்திருக்கலாம். வேணும்னே நாலு நிமிஷம் படியில நடந்துட்டு வந்தேன். அதைத் திருப்பிக் குடுக்கலாம்னு பாத்தா, என் கடிகாரத்துல மூணுதான் இருந்துச்சு."

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கே கடிப்பாரோ என்று லிஃப்ட்காரர் பயந்துபோனார். டாக்டர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"உங்க பேரு என்ன?"

சொன்னார்.

"நாளைக்கு ஒரு மணிக்கு முதல்லேருந்து ஆடறோம். மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன்," என்று சொல்லிவிட்டு, டாக்டர் லிஃப்டைத் திரும்பியும் பார்க்காமல் படியில் இறங்கிப் போனார்.