வெளியே நின்றவன்

1

இந்தக் கதை ஒரு காலியிடத்திலிருந்து வந்தது. பைபிளைப் புதிதாகத் தமிழாக்கும் எங்கள் மொழிபெயர்ப்பாளர் அக்கா அனுப்பிய பக்கத்தில் ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அடுத்த மேசையில் பிழை திருத்துகிறவன் நான். மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். மறக்கவில்லை, பதினோரு நாளாக யோசிக்கிறேன் என்றார்.

அந்த இடத்தில் மூலத்தில் இருப்பது எக்ஸெஸ்தே. இயேசுவைப் பற்றி அவருடைய சொந்தக்காரர்களே சொன்ன கிரேக்கச் சொல். புத்தி கெட்டுவிட்டது என்று பொருள். பிரித்துப் பார்த்தால் ‘வெளியே நின்றான்’ என்றுதான் வரும். வியப்பில் வாயடைத்துப் போனவர்களுக்கும் இதே சொல்தான்.

2

(முதலில் “அவளுக்கு ஒரு தம்பி இருந்தான்” என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். இப்போதும் இருக்கிறான். கதைக்குள் அக்காவை ‘அவள்’ என்கிறேன், மன்னிப்பாராக.)

தம்பி கணக்கு வாத்தியார். ஒருநாள் பாதிப் பாடத்தில் சாக்கட்டியோடு வெளியே போனவன் தெருச்சுவரெல்லாம் எண்களாக எழுதிக்கொண்டே போனான். மூன்று நாள் வீடு திரும்பவில்லை. சித்தப்பாவும் அவளும் வேன் எடுத்துக்கொண்டு போனார்கள். சித்தப்பா கையைப் பிடித்தார். அவள் காலைப் பிடித்தாள். அன்றைக்கு மனநலக் காப்பகத்தில் சேர்த்ததுதான்.

அதன்பின் ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிக்கக் கை பழகவே அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

3

மாதம் ஒருமுறை பார்க்கப் போவாள். பழம் கொடுப்பாள், சோப்பு கொடுப்பாள், பேச ஒன்றும் இருக்காது. இந்த முறை அந்தச் சொல்லைப் பற்றிச் சொன்னாள். அவன் ஆரஞ்சை உரித்தபடி கேட்டான்.

“வெளியே நின்னான்கிறது சரிதான்க்கா. அப்புறம் சொந்தக்காரங்க என்ன பண்ணாங்க?”

“கூட்டிட்டு வரப் போனாங்க.”

“கூட்டிட்டு வரவா, பிடிக்கவா?”

அவள் பையிலிருந்து சோப்பை எடுத்து வைத்தாள்.

“நீ கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்க்கா,” என்றான், கோபமே இல்லாமல். பாதிச் சுளைகளை அவள் பக்கம் நகர்த்தினான்.

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, நான் அழவில்லை என்றார். சுளைகளைத் தின்று முடித்தாராம். அவ்வளவுதான்.)

4

மறுநாள் அவள் மூலத்தை எடுத்துப் பார்த்தாள். ‘அவரை அழைத்துவர’ என்று தான் எழுதியிருந்த இடத்தில் கிரேக்கம் ‘பிடிக்க’ என்கிறது. கைதுசெய்யப் போகிறவர்களுக்கு வரும் சொல். அவள் கை தானாகவே அதை மென்மையாக்கியிருக்கிறது. நானும் கவனிக்காமல் விட்டிருந்தேன். ‘பிடிக்க’ என்று திருத்தினாள்.

தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்தாள் என்று முடிக்கத்தான் ஆசை. மருத்துவர் இன்னும் சம்மதிக்கவில்லை. வரவே மாட்டான் என்று முடித்துப் பார்த்தேன், அதை எழுத நான் யார் என்று...

காலியிடம் அப்படியே இருக்கிறது. பக்கம் நாளை அச்சுக்குப் போகவேண்டும். இது உங்கள் கைக்கு வந்தால் என்ன சொல் போடுவீர்கள்? ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: புத்தகம் வந்ததும் தனக்கொரு பிரதி வேண்டும் என்று தம்பி கேட்டிருக்கிறான்.