முன்பலகை இல்லாத படகு

1

இந்தக் கதை என் நெற்றியிலுள்ள வீக்கத்திலிருந்து புறப்பட்டது. வீக்கம் தேங்காய் அளவு. (சரி, எலுமிச்சை. பரிமளம் படித்தால் சுண்டைக்காய் என்பாள்.) பரிமளம் என் மனைவி. இந்தக் கதையில் அவளுக்கு நான் ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் குளத்தில், மலையளவு அலைகளை எதிர்த்து, பாய்மரப் படகில் தன்னந்தனியாக ஒரு மனிதன்...

விட்டுவிட்டேன். அந்தக் குளத்தில் வாத்து திரும்பினால்தான் அலை.

2

நான் அப்புத்தளை ரயில் நிலையத்தில் சிக்னல் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவன். குளத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பாய்மரப் போட்டியில் எங்கள் படகும், பதுளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் வைரவநாதனின் படகும் மோதும். நான் எப்போதும் இரண்டாமிடம். (வேறு படகு இல்லை.) பின்னால் சுக்கானும் பெரிய பாயும் என் பொறுப்பு. முன்பலகையில் உட்கார்ந்து சின்னப் பாயின் கயிற்றை இழுப்பது பரிமளம். "இழு" என்பேன். "எதுக்கு?" என்பாள். விவாதம் முடிவதற்குள் காற்று போய்விடும்.

இந்த முறை தனி ஆளாக ஓட்டி ஜெயிப்பேன் என்று வைரவநாதனிடம் பந்தயம் கட்டினேன். தோற்றால், அடுத்த வருடம் வைரவநாதனின் படகில் முன்னால் உட்கார்ந்து நான் கயிறு இழுக்க வேண்டும். அவர் தோற்றால், ஜெயித்தவர் படத்தைக் கடையில் மாட்ட வேண்டும். மாலை போடாமல்.

3

தனியாக ஓட்ட எல்லாக் கயிறும் பின்னால் இருப்பவர் கைக்கு வரவேண்டும். கேபினில் நின்றபடியே தூரத்துக் கைகாட்டியை இறக்கியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கப்பி வாங்க எதிராளியின் கடைக்கே போனேன்.

"கப்பி எதுக்குண்ணே?"

"கிணத்துக்கு."

"ஒங்க வீட்டுல பைப்புதானே?"

"பைப்பு நம்பி வாழ முடியுமா?"

"நாலு எடுத்துக்குங்க. தோத்ததும் திருப்பிக் கொண்டாங்க."

படகின் முன்பக்கத்தில் குப்புறப் படுத்துக் கப்பிகளை முடுக்கினேன். பரிமளம் பின்னால் உட்கார்ந்து கயிறுகளைப் பிடித்துப் பார்த்தாள்.

"கை எட்டுதா?"

"எட்டுது."

"கால்?"

"ஊன்ற கட்டைய இன்னும் கிட்டக்க வைங்க. தலைக்கு மேல பாயோட அடிமரம் ரொம்ப ஒசரம். எறக்குங்க."

இறக்கினேன். பாரம் குறைய அவளுடைய முன்பலகையையும் அறுத்தெடுத்தேன். அவள் பின்னாலேயே உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துப் பார்த்தாள்.

[கதாசிரியன் உஷாராகியிருக்க வேண்டிய இடம் இது.]

4

ஒரு வாரம் விடாத மழை. வெள்ளோட்டம் பார்க்க முடியவில்லை. போட்டி நாளான இன்று காலைதான் படகில் ஏறினேன். முழங்கால் தாடையில் இடித்தது. கயிறுகள் வயிற்றில் சிக்கின. பாய் ஒருமுறை புரண்டது. அதன் அடிமரம் என் நெற்றியில் விழுந்த சத்தம் வெலிமடைச் சந்தை வரை கேட்டது.

"எறங்குங்க," என்றாள் பரிமளம்.

"இது என் கதைம்மா!"

"படகு என் அளவுல இருக்கு. கதைய கரையில ஒக்காந்து எழுதுங்க."

"நீ தோத்தா, அவன் படகுல நான்ல போகணும்?"

"அப்ப சாமிய நல்லா கும்பிடுங்க."

வைரவநாதன் தன் படகிலிருந்து கத்தினார்: "வாங்கக்கா! யாரு ஓட்டினாலும் பந்தயம் பந்தயம்தான்!"

5

இதோ, திரும்பும் இடத்துக்கு அடையாளமாக மிதக்கவிட்ட கடைசிப் பீப்பாயை இரண்டு படகும் ஒன்றாகச் சுற்றுகின்றன. "இழு!" என்று எழுந்து கத்தினேன். அவள் அதற்கு முன்பே இழுத்துவிட்டாள்.

முடிவு அ: அவள் தோற்கிறாள். நான் வைரவநாதனுக்குக் கயிறு இழுக்கிறேன்.

முடிவு ஆ: அவள் ஜெயிக்கிறாள். ஆணி டப்பாக்களுக்கு மேலே பரிமளம் சிரிக்கிறாள்.

முடிவு இ: காற்று நின்று, இருவரும் நடுக்குளத்தில்...

இல்லை. எதை வேண்டுமானாலும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எதிலும் அவள் படகில் எனக்கு இடமில்லை, அறுத்தவன் நான்தான். அந்தப் பலகையை ஈரப் புல்லில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அவள் கரைக்கு வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கப்போகிறேன். "எதுக்கு?" என்பாள்.

என் பதிலை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுங்கள். சீக்கிரம், படகு திரும்பிவிட்டது.