பாட்டிலில் நான்காவது கோடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவ எந்த டெவலப்பர் மருந்து வாங்கலாம், ஒரு பாக்கெட்டில் எத்தனை ரோல் தேறும் என்று துண்டுத்தாளில் நான் போட்ட கணக்கு. அதன் கடைசி வரியில் ‘அண்ணனுடையது: 1’ என்று என் கையெழுத்தில் இருந்தது. எனக்கு அண்ணன் கிடையாது.

கைதவறி எழுதியிருப்பேன் என்று விட்டிருக்கலாம். எழுதுகிறவனுக்கு ஏது அந்தப் புத்தி? அந்த அண்ணனுக்கு ஒரு தங்கையைக் கொடுத்தேன்.

முதல் தொடக்கம்: மழை விட்டிருந்த ஒரு மாலையில் அவள்… (வேண்டாம். சரக்கு இல்லாதவன்தான் மழையைக் கூப்பிடுவான்.)

இரண்டாவது: அண்ணன் நீர்த்தேக்கத்தில் மூழ்கி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

இது போதும். கரையில் முக்காலியின் மேல் அவனுடைய கேமரா தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தது. போலீஸ் திருப்பிக் கொடுத்த அன்றே, உள்ளிருந்த ரோலை எடுத்துக்கொண்டு அண்ணி இவளோடு தங்க வந்துவிட்டாள்.

“கால் வழுக்கி விழுந்தாரா, தானா எறங்கினாரா, அது மட்டும் எனக்குத் தெரியணும். கடையில குடுத்தா யாரோ ஒருத்தன் முதல்ல பாப்பான். நீயே கழுவு.”

“எனக்கு அதெல்லாம் தெரியாதே அண்ணி.”

“தண்ணியில என்ன இருக்குன்னு பாத்துச் சொல்றதுதானே உன் வேலை?”

உண்மைதான். அவள் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள்.*

* அங்கே ஒரு சட்டம் உண்டு: பதிவேட்டில் எழுதியது நடந்தது, எழுதாதது நடக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அவள் இதை மீறியதில்லை. இதை இங்கே சொல்லிவைப்பது சோம்பேறித்தனம்தான். ஆனாலும் பின்னால் தேவைப்படும்.

2

கடைக்காரர் இரண்டு டெவலப்பரை எடுத்து வைத்தார். ஒன்று தேன்போல் கெட்டியான திரவம். வருடக்கணக்கில் கெடாது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கலந்து, கழுவிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். விலை அதிகம். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு அவ்வளவாக ஒத்துவராது. மற்றது தூள். பாதி விலை, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்தால், அதையே திரும்பத் திரும்ப ஊற்றி ஐந்து ரோல் கழுவலாம்.

“ஆனா ஒவ்வொரு ரோலும் அதோட சத்தைக் கொஞ்சம் தின்னுடும்,” என்றார். “முதல் ரோலுக்குப் பத்து நிமிஷம். அப்புறம் ரோலுக்கு ஒரு நிமிஷம் கூட்டிக்கிட்டே போகணும். கழுவினதும் பாட்டில்ல ஒரு கோடு போட்டுடுங்க. கோடு தப்பினா எல்லாம் தப்பிடும்.”

அண்ணன் இறந்தது அந்தி நேரத்தில். கடைசிப் படம் மங்கலாகத்தான் இருக்கும். தூளையே வாங்கினாள்.

அவள் போட்ட திட்டம்: மூன்று ரோல் பழகிக்கொள்ள, நான்காவது அண்ணனுடையது, ஐந்தாவது கையிருப்பு.

(அண்ணன் ரோலுக்குப் புதுப் பாக்கெட் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். கடையில் இருந்ததே ஒன்றுதான். அடுத்த சரக்கு வர இரண்டு மாதம். அண்ணியோ இந்த நாற்பது நாளிலேயே பாதி உடம்பாகிவிட்டாள்.)

3

முதல் ரோலில் பாதி வெள்ளை; இருட்டில் தடவிச் சுற்றியபோது ஃபிலிம் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் கீறல். மூன்றாவது அப்பழுக்கில்லாமல் வந்தது: துணிக்கொடி, படிக்கட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்ட அண்ணி. மூன்று ரோல், மூன்று கோடு.

ஞாயிறு மத்தியானம் அண்ணன் ரோலுக்காக அலமாரியைத் திறந்தாள். பாட்டிலில் நான்கு கோடுகள்.

“அண்ணி, இதைத் தொட்டீங்களா?”

“சத்தியமா இல்ல. அந்த நாத்தத்துக்கே நான் கிட்ட வர்றதில்ல.”

ஃபிலிம் துண்டு ஒன்றை டெவலப்பரில் முக்கிப் பார்த்தாள். கறுத்தது. மருந்துக்கு உயிர் இருக்கிறது; ஆனால் மூன்று ரோல் தின்றதா, நான்கு தின்றதா என்பதை அது சொல்லாது.

பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பினாள். அவளுடைய மூன்று கோடுகளும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. நான்காவது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அண்ணன் இடக்கைக்காரன். பாட்டில் வாங்கியதே அவன் போய் நாற்பது நாள் கழித்து.

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். நான் பேனாவை வைத்தேன். இடப்பக்கம் சாய வேண்டும் என்று நான் திட்டமிட்டிருக்கவில்லை.

5

நான்காவது பகுதியைத் தேடாதீர்கள். நானும் தேடிவிட்டேன். எழுதிய ஞாபகம் இல்லை, அடித்த ஞாபகமும் இல்லை. அடுத்த பகுதிக்கு எண் போட வந்தபோது நான்கு தீர்ந்திருந்தது.

தர்க்கத்துக்காகச் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். கோட்டை அண்ணி போட்டாள் என்று எழுதினேன். அண்ணி பொய் சொல்ல மறுக்கிறாள். தங்கை எண்ணியது பிசகு என்றேன். கொடியில் மூன்று ரோல் தொங்குகிறதே. கடைசியாக, ஈரக் கையோடு அண்ணன் அலமாரியை… (இதை நான் முடிக்கப்போவதில்லை.)

அவள் குளியலறையை இருட்டாக்கி, ரோலைச் சுற்றி, வெளிச்சம் புகாத டேங்குக்குள் வைத்து மூடி, விளக்கைப் போட்டு, டெவலப்பரை ஊற்றினாள். மூன்று கோடு என்றால் பதின்மூன்று நிமிடம். நான்கு என்றால் பதினான்கு. ஒரு நிமிடம் குறைந்தால் அந்திப் படத்தில் எதுவும் தெரியாமல் போகலாம். ஒரு நிமிடம் கூட்டினாலோ, அண்ணன் இங்கே வந்தான், ஒரு ரோல் கழுவினான், அதை எங்கோ வைத்திருக்கிறான் என்று ஒப்புக்கொண்டதாகும்.

பதின்மூன்றாவது நிமிடம் முடிந்தது.

“முடிஞ்சுதா?” கதவுக்கு வெளியிலிருந்து அண்ணி கேட்டாள்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். எழுதியது நடந்தது.

“இன்னும் ஒரு நிமிஷம் அண்ணி,” என்றாள். பிறகு, யாருக்கென்று தெரியாமல், “நீ சொன்னா சரிதான்” என்றாள்.

அந்த ஒரு நிமிடம் அண்ணன் விழவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதற்குமேல் எனக்குத் துணிவில்லை. டேங்க் உங்கள் கையில் இருக்கிறது. நேரமானதும் மருந்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்றி, படம் நிலைக்க ஃபிக்ஸரும் ஊற்றிக் கழுவிவிட்டுத் திறந்து பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், அண்ணிக்குச் சொல்லுங்கள். மறக்காமல் பாட்டிலில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.