எங்கே என்று கேட்காதவள்

கல்லாங் விமான நிலையத்தில் கிளார்க்காக இருந்த கந்தப்புவுக்கு, எந்த ஊர் எத்தனை மைல், பறந்து போக எத்தனை நாள் என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். சாப்பிட உட்கார்ந்தாலும் மனைவி கமலாம்பிகையைச் சும்மா விடமாட்டார்.

"கல்கத்தா ரெண்டு நாள். லண்டன் ஒரு கிழமை. வேறை ஊர் கேளன்!"

"எனக்கேன் அந்தக் கதை? சோறு ஆறுது, சாப்பிடுங்கோ."

ஜப்பான்காரர்கள் சிங்கப்பூரைப் பிடித்துச் சயோனான் என்று பெயர் மாற்றிய பிறகு, ஒரு நாள் ஜப்பான் சிப்பாய்கள் லாரியோடு வந்தார்கள். அவரை விமானத்தில் ஏற்றப்போகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. வாசற்படியில் நின்று "போட்டு வாறன்" என்றவர், உடனே இறங்கவில்லை. அவள் கேட்பாள் என்றுதான் நின்றிருக்க வேண்டும். புறப்படுகிறவரிடம் எங்கே என்று கேட்டால் போனவர் திரும்பமாட்டார் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். தொண்டைவரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டாள். பாழாய்ப்போன சகுனம்! ஊருக்கெல்லாம் தூரம் சொன்ன மனிதர் எவ்வளவு தூரம் போனார் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

ஜப்பான்காரர்கள் தீவின் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி, டோக்கியோ நேரம் ஆக்கியிருந்தார்கள். கந்தப்பு மட்டும் பழைய நேரத்துக்கே வீடு திரும்பினார். அவர்கள் வீடு இருந்த பஃபலோ ரோட்டில் வெயில் சாயும்போது, இடது காலைச் சற்று இழுக்கும் அவருடைய நடை வாசல்வரை வரும். படியில் நிற்கும். பிறகு திரும்பிப் போய்விடும். கதவைத் திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அவளுக்குப் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

கந்தப்புவோடு வேலை பார்த்த அந்தோனிப்பிள்ளை ஒரு மத்தியானம் வந்தார்.

"தங்கச்சி, அந்த விமானம் போய்ச் சேரேல்லையாம்."

"எங்கை போய்ச் சேரேல்லை?"

"அதை ஒருத்தரும் சொல்லுகினம் இல்லை."

அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அன்றும் காலடி வந்தது. கமலாம்பிகை கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். கேட்டால் இந்தக் காலடியும் போய்விடலாம். கேட்காவிட்டால் மனிதர் என்றைக்கும் படிவரை வந்து வந்து திரும்பிக்கொண்டே இருப்பார். அதை அவளால் தாங்க முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, எங்கை போறியள்?"

வெளியிலிருந்து அவர் குரல், களைத்துப்போய்க் கேட்டது.

"தெரியேல்லை, கமலம். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறன்."

"இன்னும் எவ்வளவு நேரம் எடுக்கும்?"

கல்யாணமான நாள் முதல் அவள் கேட்கமாட்டாளா என்று அவர் காத்திருந்த கேள்வி. இழுத்து இழுத்து அந்த நடை படியிறங்கிப் போயிற்று.

மறுநாள் பழைய நேரம் வந்தது, காலடி வரவில்லை. கமலாம்பிகை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குக் கேட்காததற்கா, நேற்றுக் கேட்டதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.