வெட்டிய பதினேழு வரிகள்

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாடகம் மறுபடி மேடையேறிய முதல் நாள், மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குக் கைதி வேடக்காரன் வாயைத் திறந்தபோது அவன் குரல் வரவில்லை. அவன் பேச வேண்டிய பதினேழு வரிகளும் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில், பக்கவாதம் தாக்கி ஆறு வருடமாக ஒரு சொல்கூடப் பேசாத கிழவரின் வாயிலிருந்து வந்தன. தொலைக்காட்சிச் சத்தம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள்.

கிழவரின் மகள்தான் அந்த நாடகக் குழுவின் தையற்காரி. கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஐம்பதை நெருங்கியவள். இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மாற்றிய நாடகம் என்பதால் பழைய ராஜா இதில் ஆளுநர்; அவருக்குக் கிரீடம் இல்லை, கோட்டுதான். அதன் தோளைப் பிரித்துத் தைத்தே அவளுக்கு ஒரு மாதம் போயிருந்தது. பதினெட்டாவது வரியிலிருந்து கைதியின் குரல் சரியாகிவிட்டது. மருத்துவர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்றார். மறுநாளும் அதே நிமிடத்தில் அதே கதை. அப்போது அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஐயா பேசுறாரும்மா. ஆனா அது ஐயா குரல் இல்ல."

தையற்காரி தொலைபேசியை அவர் வாயருகே பிடிக்கச் சொல்லிக் கேட்டாள். 'நான் கையெழுத்துப் போட்டால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். அதனால்தான் போடவில்லை.' மேடையில் கைதியின் உதடுகளும் அதே நேரத்தில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

அப்பா அந்தக் காலத்தில் நாடகங்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் எழுத்தர். ஊரில் அவருக்குக் கத்தரி என்று பெயர். இந்தப் பதினேழு வரிகளைச் சிவப்பு மையால் அடித்தவர் அவரே. அன்றைய கைதி வேடக்காரர் அடித்ததை எல்லாம் சேர்த்தே பேசினார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கத்தரி, பிரதியில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, விடிந்ததும் மேலே குறிப்பு அனுப்பினார். மதியத்துக்குள் நடிகரை அழைத்துப் போனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்றுவரை அனுப்பவில்லை. கத்தரிக்கு ஜன்னலோர மேசை கிடைத்தது. வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. தையற்காரிக்கு இது பள்ளிக்கூடத்துச் சண்டை ஒன்றில்தான் தெரிய வந்தது.

மூன்றாம் நாள் அவள் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து பக்கத் திரைக்குப் பின்னால் நிறுத்தினாள். அவருக்குச் சட்டையின் மேல் பித்தான்வரை போட்டுவிட்டிருந்தாள். ஏழு பத்துக்கு வாய் திறந்தது. கோணிய வாயிலிருந்து வார்த்தைகள் கோணாமல் வந்தன. விளக்குப் பலகையில் இருந்தவர் அந்தப் பழைய நாடகத்துக்கும் விளக்குப் போட்ட ஆள். அவர் கையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார். "இது அவன் குரல்தான்," என்று மட்டும் சொன்னார். குரலையும் உடலையும் பிரித்துக் காட்டிய புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. இயக்குநர் மறுக்கவில்லை.

ஒன்பதாவது நாள் காட்சிக்கு, அன்று அழைத்துப் போகப்பட்ட அந்த நடிகரின் மனைவி வந்தாள். இடைவேளையில் நேராகத் திரைக்குப் பின்னால் வந்து நாற்காலிக்கு எதிரே நின்றாள். தையற்காரியே முதலில் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரரக் காட்டிக்கொடுத்தது எங்கப்பாதான்மா."

"தெரியும். தினமும் எங்க தெரு வழியாத்தான் ஆபீஸ் போவாரு. ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்ல." அவள் பார்வை கிழவரின் வாய்க்குப் போனது. "எனக்கு உங்கப்பா வேணாம்மா. குரல் மட்டும் போதும்."

அதன்பின் அவள் ஒரு காட்சியையும் விடவில்லை. முப்பதாவது காட்சியோடு நாடகம் முடிந்தது, குரலும் நின்றது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் தையற்காரியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அடுத்த வியாழன் மாலை கிழவரை நடிகர் மனைவியின் வீட்டுக்குக் கொண்டுபோய், கைதி வேடக்காரனை அந்தக் கூடத்தில் உட்காரவைத்து, நாடகத்தை அந்த இடம்வரை படிக்கச் சொன்னார்கள். பதினேழு வரிகளும் கிழவர் வாயிலிருந்து வரிசை பிசகாமல் வந்தன. பதினேழாவது முடிந்ததும் நடிகரின் மனைவி நாற்காலிப் பக்கம் குனிந்தாள்.

"அன்னைக்குச் சாப்பிடாமலே போயிட்டீங்களே."

"பசிக்கல," என்றது குரல். அது நாடகத்தில் இல்லாத வரி. வேடக்காரன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதன்பின் அவன் தேவைப்படவில்லை. வியாழன்தோறும் ஐந்து மணிக்குத் தையற்காரி அப்பாவை அங்கே விட்டுவிட்டு, ஏழு மணிக்கு அழைத்து வருவாள். உள்ளே இருவரும் வீட்டு வரி, கூரை ஒழுகல், இறந்துபோன உறவினர்கள் என்று பேசிக்கொண்டிருப்பது வாசல்வரை கேட்கும்.

ஒரு வியாழன் அவளுக்குப் பொறுக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் நாற்காலியை நிறுத்தி, முன்னால் வந்து, முழங்கால் மடித்து உட்கார்ந்தாள்.

"அப்பா. என்கிட்டயும் ஏதாவது பேசுங்கப்பா."

கிழவரின் கண்கள் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தன. "நீங்க யாரும்மா?" என்று அந்தக் குரல் மரியாதையாகக் கேட்டது.

அவள் சற்று யோசித்தாள். "நாற்காலி தள்ளுறவ," என்றாள்.

"ரொம்ப சிரமம் உங்களுக்கு."

"பரவாயில்லைங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து, சாலையில் வண்டி வருகிறதா என்று இரு பக்கமும் பார்த்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்புறம் போனாள்.